இஞ்சியை வைத்து ஒரு சோதனை: சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணைய அகராதிகள்

போன மாதம் என் மாலை நேர ஆங்கில வகுப்பில் ஒரு பையன் கேட்டான்: "சார், ஜிஞ்சர்ல இருந்து இஞ்சி வந்துச்சா, இஞ்சியில இருந்து ஜிஞ்சர் வந்துச்சா?" பாதிப் பேர் வாட்ஸ்அப்பில் வந்த ஏதோ ஒரு பட்டியலை நம்பி "தமிழ்தான் சார் முதல்ல" என்றார்கள். மீதிப் பேர் வெள்ளைக்காரனிடமிருந்து நாம் வாங்கியது என்றார்கள். எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும், அரைகுறையை வகுப்பில் சொல்லக் கூடாது என்பதால் "பார்த்துட்டு வந்து சொல்றேன்டா" என்றேன். பார்த்துவிட்டு வர மூன்று இரவு ஆனது. அந்த மூன்று இரவும் நான் உட்கார்ந்திருந்த இடத்தைப் பற்றித்தான் இந்த விமர்சனம்.

முதலில் ஒரு செயலிக்குப் பணம் கட்டினேன். பெயர் வேண்டாம். ஜிஞ்சர் என்று தட்டியதும் "சமஸ்கிருதம், கொம்பு போன்ற உடல் உடையது" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டது. யார் சொன்னது, எந்த நூலில் இருக்கிறது, வேறு கருத்து உண்டா, ஒன்றும் இல்லை. சொல்லின் வரலாற்றைத் தேடிப் போகிறவனுக்கு விடை மட்டும் கொடுத்தால் போதாது, விடைக்கு வந்த வழியும் தெரிய வேண்டும். அடுத்த நாளே அதை நீக்கிவிட்டேன்.

அப்புறம்தான் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தென்னாசிய மின் அகராதிகள் பக்கத்துக்குப் போனேன். பல வருடமாக அவ்வப்போது எட்டிப் பார்க்கும் இடம்தான், ஆனால் ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு அகராதி அகராதியாக ஏறி இறங்கியது இதுதான் முதல் தடவை. காசு கிடையாது, பதிவு செய்யச் சொல்வதும் கிடையாது. நம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் முழுசாக இருக்கிறது. 1862-இல் வந்த வின்சுலோவின் தமிழ்-ஆங்கில அகராதி இருக்கிறது, பப்ரீசியஸின் அகராதி இருக்கிறது. பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி, டர்னரின் இந்தோ-ஆரிய மொழிகளின் ஒப்பீட்டு அகராதி, ஆங்கிலேயர் இந்தியாவில் பிடித்துக்கொண்ட சொற்களுக்கென்றே எழுதப்பட்ட ஹாப்சன்-ஜாப்சன் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. இவற்றை அச்சில் வாங்க வேண்டுமென்றால் என் போன்ற ஆளுக்குக் கட்டுப்படியாகாது. டர்னரை நான் அச்சில் ஒரே ஒரு தடவை, ஒரு நூலகத்தில் எட்ட நின்று பார்த்திருக்கிறேன்.

சரி, இஞ்சிக்கு வருகிறேன். ஒரு சொல்லின் வரலாற்றைப் பார்ப்பவர்கள் இன்றிலிருந்து பின்னால் நடக்க வேண்டும். இன்றைய ஜிஞ்சர், பழைய ஆங்கிலத்தில் ஜிஞ்சிஃபெர். பின்னால் பழைய பிரெஞ்சிலிருந்து அதே சொல் இன்னொரு தடவை ஆங்கிலத்துக்குள் வந்து முந்தையதோடு கலந்துவிட்டது. இரண்டுக்கும் தாய் இலத்தீன், அதற்கும் முன்னால் கிரேக்கம். கிரேக்கத்தில் ஸிங்கிபெரிஸ். முதல் நூற்றாண்டு மருத்துவர் தியோஸ்கோரிதீஸ் இந்தப் பெயரில்தான் இஞ்சியைப் பற்றி எழுதுகிறார். அதே நூற்றாண்டில் ரோமானியர் பிளினி, சிலர் இதை மிளகுச் செடியின் வேர் என்று நினைக்கிறார்கள், அது தப்பு என்று திருத்திவிட்டு, இது அரேபியாவிலும் செங்கடலின் மேற்குக் கரைப் பக்கத்திலும் விளைகிறது என்கிறார். விலையும் சொல்கிறார், ஒரு பவுண்டு எடைக்கு ஆறு தெனாரி, அதாவது ஆறு ரோமானிய வெள்ளிக்காசு. கறுப்பு மிளகு அப்போது நான்கு தெனாரி, அதாவது ரோமாபுரியில் மிளகைவிட இஞ்சி விலை கூடுதல். சரக்கு அரபுக் கப்பலில் வந்து இறங்கினால் வாங்குகிறவனுக்கு அது அரேபியச் சரக்குதான். அதற்குப் பின்னால் இருந்த கடல் அவன் கண்ணில் படவில்லை.

இந்தப் பகுதிக்கு சிகாகோ பக்கம் உதவாது. கிரேக்க, இலத்தீன் நூல்களுக்கு டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பெர்சியஸ் நூலகத்துக்குப் போக வேண்டும், அதுவும் இலவசம்தான். சிகாகோவின் அருமை, கப்பல் இந்தியக் கரையைத் தொட்ட பிறகுதான் தெரிய ஆரம்பிக்கும்.

முதலில் டர்னரைத் திறந்தேன். 1962 முதல் 1966 வரை பகுதி பகுதியாக வெளிவந்த அகராதி. சமஸ்கிருதத்தில் சிருங்கவேர, பாலியில் சிங்கிவேர, பிராகிருதத்தில் சிங்கபேர. கிரேக்கரின் ஸிங்கிபெரிஸோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சமஸ்கிருத வடிவத்தைவிட பாலி, பிராகிருத வடிவங்கள்தான் நெருக்கமாகப் பொருந்துகின்றன. பிராகிருதம் என்றால் அந்தக் காலத்தில் வடக்கே சாதாரண ஜனங்கள் பேசிய மொழிதானே. சிங்களத்தில் இன்றைக்கும் இங்குரு, முன்னால் இருந்த ச அங்கே தேய்ந்து விழுந்துவிட்டது. இந்த விழுந்த ச-வை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் வரும். இந்திக்காரர்களின் அத்ரக் வேறு குடும்பம். ஈரமானது என்ற பொருளுள்ள ஆர்த்ரக என்ற சொல்லிலிருந்து வந்தது.

இப்போது அந்தக் கொம்புக் கதை. சிருங்கம் என்றால் கொம்பு, வேரம் என்றால் உடல். இஞ்சிக் கிழங்கு கிளை கிளையாக மான்கொம்பு மாதிரி இருப்பதால் இந்தப் பெயராம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வேரம் என்பதை உடல் என்ற பொருளில் அகராதிக்கு வெளியே பார்ப்பது மிக அரிது. வெளியிலிருந்து வந்த ஒரு சொல்லைத் தன் வாய்க்கும் தன் புத்திக்கும் ஏற்ற மாதிரி வளைத்து அதற்கு ஒரு பொருளும் கற்பிப்பது எல்லா மொழியும் செய்கிற காரியம். ஆங்கிலமே இதே இஞ்சியில் அதைச் செய்திருக்கிறது. ஜிஞ்சர்பிரெட் என்ற சொல்லில் முதலில் ரொட்டியே கிடையாது. பழைய பிரெஞ்சில் பதப்படுத்திய இஞ்சிக்கு ஜிஞ்ஜம்பிரா மாதிரி ஒரு சொல் இருந்தது, அதன் வால் ஆங்கிலேயர் காதில் பிரெட் என்று விழுந்தது, கடைசியில் உண்மையிலேயே ரொட்டி மாதிரி ஒன்றைச் செய்து அதற்கு அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். அதனால் கொம்பு-உடல் விளக்கம் தப்பு என்று சொன்னால் யாரும் சமஸ்கிருதத்தைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்து ஹாப்சன்-ஜாப்சன். எனக்கு இந்த மூன்று இரவில் அதிக சந்தோஷமும் அதிக வருத்தமும் கொடுத்தது இந்தப் புத்தகம்தான். யூல், பர்னெல் இருவரும் எழுதி 1886-இல் வந்தது. முகரம் ஊர்வலத்தில் எழும் யா ஹசன், யா ஹுசைன் முழக்கம் ஆங்கிலச் சிப்பாய்கள் வாயில் ஹாப்சன்-ஜாப்சன் என்று ஆன கதைதான் புத்தகத்தின் பெயர். பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், அரண்மனைச் சுவடிகளுக்குப் பட்டியல் போட்டவர், புத்தகம் அச்சில் வருவதற்கு நான்கு வருடம் முன்பே, 1882-இல் இறந்துவிட்டார். ஜிஞ்சர் பதிவில் இவர்கள் கொம்புக் கதையை அப்போதே சந்தேகப்பட்டு, அது கற்பனையான விளக்கமாக இருக்கும், சொல் வேறெங்கிருந்தோ உள்ளே வந்தது என்று எழுதுகிறார்கள். நல்ல இஞ்சி மலபாரில் விளைகிறது, அங்கே மலையாளத்தில் பச்சை இஞ்சிக்கு இஞ்சி என்றும் இஞ்சிவேர் என்றும் பெயர் என்று சரியான வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். அதோடு விடவில்லை, இஞ்சிக்கு முன்னால் ஒரு காலத்தில் ச இருந்திருக்க வேண்டும், சிஞ்சி மாதிரி ஏதாவது இருந்திருக்கும் என்று ஊகிக்கிறார்கள். 1886-இல்! படித்தபோது எழுந்து நின்றுவிட்டேன்.

அதே பதிவில், இஞ்சிவேர் என்ற சொல்லைப் பிரித்துக் காட்டும்போது, இஞ்சி என்றால் வேர் என்று பொருள் எழுதியிருக்கிறது. நான் இரண்டு தடவை கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படித்தேன். இஞ்சி என்றால் இஞ்சி, வேர் என்றால் வேர். ஒரு தமிழ்க் குழந்தையோ மலையாளக் குழந்தையோ பக்கத்தில் இருந்திருந்தால் அப்போதே திருத்தியிருக்கும். கை தவறி நேர்ந்ததாகக்கூட இருக்கலாம். ஆனால் அந்த ஒரு சறுக்கலால் என்ன நஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். சிங்கி-வேர என்று பாலியில் நிற்கும் அந்தப் பின்பாதி, கொம்போடு ஒட்டிய உடலும் இல்லை, வேறெதுவும் இல்லை, நாம் தினமும் சொல்கிற வேர்தான் என்பது அந்த வரியைப் படிக்கும் வெளிநாட்டு வாசகருக்குத் தெரியாமலே போகிறது. ஜிஞ்சர் என்ற சொல்லின் கடைசி ர் கூட நம் வேரின் மிச்சம். அதைத்தான் இழக்கிறார்கள். இஞ்சி என்றால் வேர் என்ற அதே விளக்கம் பிறகு ஆங்கிலத்தில் வந்த வேறு சில விளக்கங்களிலும் அப்படியே இருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் எழுதியதை அடுத்தவர் எடுத்துப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறார்கள். இதனால்தான் மூல அகராதியை நம் கண்ணால் பார்க்க விடும் ஒரு இடம் எனக்கு இவ்வளவு முக்கியமாகப் படுகிறது. செயலி கொடுத்த ஒரு வரியில் தப்பும் தெரியாது, சரியும் தெரியாது.

கடைசியாக பர்ரோ - எமனோ. 1961-இல் முதல் பதிப்பு, 1984-இல் இரண்டாம் பதிப்பு, 5,500-க்கும் மேற்பட்ட பதிவுகள். பர்ரோ ஆக்ஸ்ஃபோர்டில் சமஸ்கிருதப் பேராசிரியர். எமனோ 1930-களில் நீலகிரிக்கு வந்து தோடர்களோடும் கோத்தர்களோடும் இருந்து அவர்கள் மொழியை எழுதியவர், 101 வயது வரை வாழ்ந்தார். சமஸ்கிருதத்தில் ஊறிய இரண்டு பேர் திராவிடச் சொற்களுக்கு இந்த வேலையைச் செய்து கொடுத்திருக்கிறார்கள், அந்த நன்றி எனக்கு உண்டு. இதில் தேடும்போது தமிழ் எழுத்தில் தேட முயலாதீர்கள், ஆங்கிலத்தில் பொருளைத் தட்டுங்கள். முழுப் பதிவிலும் தேடு என்பதைத் தேர்ந்துகொண்டு ஜிஞ்சர் என்று போட்டால் இஞ்சி வந்துவிடும். பதிவு சுருக்கமானது. தமிழ், மலையாளம் என்று மொழிக்கு ஒரு குறுக்கம் போட்டு ரோமன் எழுத்தில் சொல் வரும். என் என்ற எழுத்தின் தலையில் ஒரு சுழி இருந்தால் அது ஞ, உயிரெழுத்தின் மேல் கோடு இருந்தால் நெடில், எழுத்துக்கு அடியில் கோடு இருந்தால் ற, ழ மாதிரியானவை. அரை மணி நேரம் பழகினால் கண் தானாகப் படிக்கும்.

இந்த அகராதியில் ஒரு குறை உண்டு. ஆதியில் சொல் இப்படித்தான் இருந்திருக்கும் என்று மீட்டெடுத்த வடிவத்தை அவர்கள் தருவதில்லை. எந்தெந்த மொழியில் என்ன இருக்கிறது என்று வரிசையாக வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். நேர்மையான முடிவுதான், ஆனால் புதிதாக வருகிறவர் "அப்ப மூலம் எது?" என்று கேட்டு விழிப்பார். அதற்கு மொழியியல் நூல்களுக்குத்தான் போக வேண்டும்.

அங்கே போனால் அந்த விழுந்த ச-வுக்கு விடை கிடைக்கிறது. தென் திராவிட மொழிகளில், தமிழில் குறிப்பாக, சொல்லின் முதலில் இருந்த ச பல இடங்களில் காணாமல் போயிருக்கிறது. நாம் ஆறு என்கிறோம், மத்திய இந்தியாவில் கோண்டி பேசுகிறவர்கள் சாருங் என்கிறார்கள். வடமொழியிலிருந்து வந்த சொற்களிலும் இதே கதைதான், சிராவண மாதம் நமக்கு ஆவணி. சகஸ்ர என்ற சொல் கன்னடத்தில் சாவிர, தமிழில் ஆயிரம். இதே கத்தரி இஞ்சியின் தலையிலும் விழுந்திருக்கிறது. சிங்கி, சிஞ்சி போல ஏதோ ஒன்றாக அது இருந்த காலத்திலேயே, வேரையும் சேர்த்து, வடக்கே பிராகிருத மொழிகள் வாங்கிக்கொண்டுவிட்டன. பாலியில் பௌத்தத் துறவிகள் மருந்தாக வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்த வேர்களின் பட்டியலில் மஞ்சளுக்குப் பக்கத்தில் சிங்கிவேர இருக்கிறது. நாம் தொலைத்த ச-வைப் பாலியும் கிரேக்கமும் பத்திரமாக வைத்திருக்கின்றன. என்னைக் கேட்டால் இஞ்சி கதையில் மிக அழகான இடம் இதுதான். நம் சொல்லின் பழைய முகத்தைப் பார்க்க நாம் ஆங்கிலத்தின் ஜிஞ்சரைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அதனால் பையனின் கேள்விக்கு விடை: ஜிஞ்சரிலிருந்து இஞ்சி வரவில்லை. இன்றைய இஞ்சியிலிருந்து நேராக ஜிஞ்சரும் வரவில்லை. இரண்டுக்கும் ஒரு பொதுத் தாத்தா, அவர் இருந்த வீடு தெற்கே. அந்தத் தாத்தாவுக்கும் முன்னால் யார் என்ற கேள்வியும் இருக்கிறது. இஞ்சி காட்டில் தானாக முளைக்கும் செடி கிடையாது, மனிதன் நட்டால்தான் உண்டு, அது முதலில் பயிரானது தென்கிழக்காசியப் பக்கம் என்கிறார்கள். செடியோடு பெயரும் அங்கிருந்து வந்ததா என்று ஆராய்ச்சியாளர்கள் பேசுகிறார்கள். நான் வகுப்பில் அதையும் சேர்த்துத்தான் சொன்னேன். சில முகங்கள் வாடின. வாடினாலும் சொல்லத்தான் வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. ஜெர்மன் மொழியில் இஞ்சிக்கு இங்வெர் என்று பெயர். பார்த்தவுடனே "ஐயோ, இஞ்சிவேர் அப்படியே இருக்கு!" என்று துள்ளத் தோன்றும், நானும் துள்ளினேன். ஆனால் பழைய ஜெர்மனில் அதன் முன்னால் ஒரு மெய்யெழுத்து இருந்தது, கிங்கிபெரோ மாதிரி, இலத்தீன் வழியில் எல்லாரையும் போலத்தான் வந்தது, பின்னால் அங்கேயே தேய்ந்து இப்படி ஆகிவிட்டது. நாம் நம் வீட்டில் ச-வைத் தொலைத்தோம், அவர்கள் அவர்கள் வீட்டில் க-வைத் தொலைத்தார்கள், கடைசியில் இரண்டு பேரும் ஒரே மாதிரி நிற்கிறோம். காதுக்கு ஒன்றாகக் கேட்பது ஒரு சாட்சியே கிடையாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஆங்கிலத்தில் ஜிஞ்சர்லி என்று ஒரு சொல் உண்டு, மெதுவாக, ஜாக்கிரதையாக என்று பொருள், அதற்கும் இஞ்சிக்கும் சம்பந்தமே இல்லை. அரிசி - ரைஸ் விஷயமும் இதே வகை ஆபத்து. ரைஸ் என்ற சொல்லுக்கு மூலமான கிரேக்கச் சொல் ஒரிஸாவைத் தமிழ் அரிசியோடு சேர்க்க மிகவும் ஆசையாக இருக்கிறது என்று ஹாப்சன்-ஜாப்சன்காரர்களே எழுதியிருக்கிறார்கள். இன்று பெரும்பாலோர் அது பழைய ஈரானிய மொழி வழியாகக் கிரேக்கத்துக்குப் போனது என்கிறார்கள். அதை இன்னொரு நாள் தனியாகப் பார்க்கலாம்.

சேவையைப் பற்றிச் சொல்ல வேண்டிய மற்றவை. பக்கத்தின் தோற்றம் சாதாரணம், அலங்காரம் கிடையாது, எனக்கு அதுவே பிடித்திருக்கிறது. கைபேசியில் படிக்கலாம், ஆனால் டர்னர் மாதிரி நெருக்கமான பதிவுகளுக்குக் கணினி நல்லது. ஒவ்வொரு அகராதிக்கும் தேடுபெட்டி தனித்தனி. ஒரு அகராதியில் கிடைத்ததை அடுத்ததில் நாம்தான் போய்த் தேட வேண்டும், அதனால் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். அச்சுப் பக்க எண் கூடவே வருவது பெரிய உபகாரம், யாருக்காவது மேற்கோள் காட்டும்போது கை கொடுக்கும். நான் மேலே சொன்ன அகராதிகளில் விளக்கம் எல்லாம் ஆங்கிலத்தில். அவற்றில் லெக்சிகனில் மட்டும் ஆங்கிலப் பொருளோடு தமிழ்ப் பொருளும் இலக்கிய மேற்கோளும் சேர்ந்து வரும், அதனால் தமிழ் வழியில் படித்தவர்கள் அங்கே ஆரம்பிப்பது நல்லது. ஒரு சொல்லுக்கு ஒரு வரி போதும் என்கிறவர்களுக்கு இது சரிப்படாது. ஒரு சொல்லோடு ஒரு வாரம் இருக்கத் தயாராக இருப்பவர்கள் இன்றைக்கே போய்ப் பாருங்கள்.

வகுப்பில் எல்லாவற்றையும் பலகையில் வரைந்து காட்டினேன், கீழே சிஞ்சிவேர், மேலே ஜிஞ்சர், நடுவில் ஆறு படி. மதுரைக்காஞ்சியில் இஞ்சியும் மஞ்சளும் மிளகும் ஒரே வரியில் வருவதையும், அங்கே மிளகுக்குக் கறி என்று பெயர் இருப்பதையும் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை அந்தப் பையன் சீக்கிரமாகவே வந்து, லெக்சிகன் பக்கத்தைத் தன் கைபேசியில் திறந்து என் முன்னால் நீட்டினான். "சார், இஞ்சின்னா கோட்டை மதில்னும் போட்டிருக்கு. அது எங்க இருந்து வந்துச்சு?"

"பார்த்துட்டு வந்து சொல்றேன்டா" என்றேன்.